என் தம்பி மேடையில் சொல்லும் அக்கா

என் தம்பி தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னேறியவன் என்று பல கல்லூரிகளில் நம்புகிறார்கள். எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் நட்டபோது அவன் ஜெர்மனியில் இருந்தான். அதற்கு முன்னால் தெரு இருட்டாகத்தான் கிடந்தது. வீட்டுக்குள் டியூப் லைட் எரிந்தது. எங்கள் அப்பா மின்வாரியத்தில் வயர்மேன். ஊரில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் எங்கள் வாசலில் வந்துதான் நிற்பார்கள். அப்படிப்பட்டவருடைய மகன் வெளிச்சம் தேடித் தெருவுக்குப் போனான் என்று மைக்கில் சொல்வதை அப்பா கேட்டிருந்தால், அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

தம்பி மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவான், ஊசி போடத் தெரியாது. இதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போய்விட்டது. பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்தால் யாராவது ஒருவர் ஸ்கேன் படத்தைப் பைக்குள்ளிருந்து எடுப்பார்கள். "உன் தம்பிகிட்ட காட்டேன்" என்பார்கள். அவன் எலி மூளையைத்தான் பார்த்தவன் என்றால், என்னவோ நான் எங்கள் தம்பியை அவர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவன் படித்த கதை உள்ளபடி ரொம்பச் சாதாரணம். ஊர்ப் பள்ளிக்கூடம். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் மேல்நிலைப் பள்ளி, அப்பா சைக்கிளில் கொண்டுவிடுவார். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டான், மதிப்பெண் பற்றவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தான். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஓடிவருவான். அங்கே ஒரு பாடத்தில் நரம்பைப் பற்றி நடத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. முதுகலை முடித்து பெங்களூர் போனான். எலிக்கு ஒரு சத்தத்தைக் கேட்க வைத்து, அந்தச் சத்தத்துக்குப் பயப்படப் பழக்கி, அந்தப் பயம் மூளையில் எந்த இடத்தில் தங்குகிறது என்று பார்ப்பதுதான் அவன் ஆராய்ச்சி. நான் ஒரு கம்பெனி மாறி இன்னொரு கம்பெனி சேர்ந்து, அதுவும் மூடிப்போகிற வரைக்கும் அவன் எலியைப் பயமுறுத்திக்கொண்டே இருந்தான். பிறகு ஜெர்மனி. அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று திரும்பி வந்து, தண்டலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தான்.

இதில் கேவலம் ஒன்றும் இல்லை. அப்படியே சொன்னால் போதும். ஆனால் இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில். மறுபடி எழுதினேன், மறுபடியும் ஃபெயில். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்திலேயே எனக்கு எல்லா வருடமும் போனது. தாம்பரம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் காலையில் ரோட்டு முனைக்கு வரும். உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். அந்த வேனில் ஒரு சீட்டு வேண்டும் என்பதுதான் அப்போது என் லட்சியம். கிடைத்தது. தைக்கிற மிஷின் யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்காது. இப்போது ஒரகடத்தில் காருக்குள் ஓடும் வயர்களைச் சேர்த்துக் கட்டி டேப் சுற்றும் கம்பெனியில் இருக்கிறேன். அதுவும் பேசாமல் செய்யும் வேலைதான். எனக்குப் பொருந்துகிறது.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் தம்பி நன்றாகத்தான் பாடம் நடத்தினான். படத்தைக் காட்டி மூளை சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஏறாது என்று ஆட்டு மூளை கேட்பான். கறிக்கடைக்குப் போவது நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உடையாமல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, திங்கட்கிழமை அவன் எடுத்துப் போகிற வரைக்கும் ஃபிரிட்ஜில் வைப்பேன். கறிக்கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, வாராவாரம் மூளை. வூட்ல யாருக்குப் பத்தல?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். பதில் சொல்ல வாய் வராமல் பையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் காலத்தில் தம்பி வீட்டுக்கு வந்தால், எந்த மாணவி என்ன கேள்வி கேட்டாள் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான். எனக்குப் பாதி புரியாது. ஆனால் அந்தப் பேச்சு நன்றாக இருக்கும்.

பிறகு கல்லூரி நிர்வாகம் இவனுக்கு நாக்கு நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்தது. அதோடு மூளை போயிற்று. அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குக் கூட்டிப் போய் மேடையில் ஏற்றினார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் அழுதால் சீட்டு நிரம்பும் என்பது அவர்கள் கணக்கு. நரம்பைப் பற்றிப் பேசினால் யார் அழுவார்கள்? அதனால் தம்பி ஏழையானான். முதலில் தெருவிளக்கு வந்தது. அப்புறம் அப்பா கூலியானார். அம்மா பட்டினி கிடந்தாள். அம்மா பட்டினி கிடந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்தால்கூட மதியமே முறுக்கு டப்பாவைத் திறந்துவிடுகிறவள்.

கடைசியாக நான் வந்து சேர்ந்தேன். முதல் வருடம் "என் அக்கா எனக்கு உதவியாக இருந்தாள்". அடுத்த வருடம் "என் அக்கா தன் படிப்பை நிறுத்திக்கொண்டாள்". அதற்கும் அடுத்ததில் அவன் ஃபீஸுக்காக என் காதிலிருந்து கம்மலைக் கழற்றிவிட்டான். இதெல்லாம் செல்போனில் வீடியோவாக வந்தது. உறவுக்காரர்கள் அனுப்பினார்கள். நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். யாரோ முகம் தெரியாத ஊரில் சொல்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

போன கோடையில் அவனை எங்கள் கம்பெனிக்கே கூப்பிட்டார்கள். எங்கள் ஹெச்.ஆர். அதிகாரியின் மகள் அவன் கல்லூரியில் படிக்கிறாள். ஆண்டு விழாவுக்கு 'மூளையும் மன அழுத்தமும்' என்று பேச்சு. கேன்டீன் ஹாலில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு ஷிப்ட் ஆட்களையும் உட்கார வைத்தார்கள். தம்பி கோட்டு போட்டு வந்திருந்தான். அந்த வெயிலில்.

"நீங்கள் காருக்கு நரம்பு செய்கிறீர்கள்" என்று ஆரம்பித்தான். வயர்தான் நரம்பாம், பேட்டரிதான் இதயமாம். ஹால் முழுக்கக் கைதட்டல். டேப் சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வீங்கிப் போனவர்கள்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்கள். மன அழுத்தத்துக்கு மூச்சை இழுத்து விடச் சொன்னான். லைனின் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, முன்வரிசையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தெருவிளக்கு, கூலி, பட்டினி எல்லாம் வரிசையாக வந்தன. அடுத்தது நான்தான் என்று தெரிந்து, தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த அக்கா இதே ஹாலில்தான் இருக்கிறாள்" என்றான். "அவள் படிப்பை எனக்குக் கொடுத்துவிட்டு, உங்களோடு நின்று வயர் சுற்றுகிறாள். போய்க் கேட்டால் இல்லை என்பாள். அதுதான் என் அக்கா."

கையை நீட்டித் தூணைக் காட்டினான். எல்லோரும் திரும்பினார்கள். யாரோ என் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் எழுப்பி நிறுத்தும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அன்றைக்காவது விடை தெரியாமல் நின்றேன். இன்றைக்குத் தெரிந்தும் நின்றேன்.

அன்றிலிருந்து சூப்பர்வைசர் என்னை "மேடம்" என்றான். முதல் நாள்வரை "யக்கா, கை ஓடலியா?" என்று கத்திக்கொண்டிருந்தவன். இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் பக்கத்தில் நிற்கும் பெண் அந்தப் பேச்சை மனதில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

அவள் தென்காசிப் பக்கம். ப்ளஸ் டூ முடித்ததும் கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்துவிட்டவள். வேலை செய்துகொண்டே அரசுக் கல்லூரிக்கு மனுப் போட்டு, அவள் ஊருக்குப் பக்கத்திலேயே பி.எஸ்சி. கணிதத்தில் இடம் வாங்கியிருந்தாள். கணக்கை விரும்பிப் படிக்கிறவளை நான் அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அப்படி இருக்கும்போது, ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் சொன்னாள்.

"எக்கா, நான் காலேஜுக்குப் போகல. சீட்ட விட்டுருதேன். இங்கனயே வேலை பாத்து தம்பிய இன்ஜினியரிங் சேக்கப் போறேன். அப்பாவும் அதத்தான் சொல்லுதாவ."

"உன் தம்பி நல்லா படிப்பானா?"

"சுமாராத்தான் படிப்பான். ஆனா ஆம்பளப் பிள்ளைல்லா. நாளைக்கு உங்க தம்பி மாரி வந்துட்டாம்னா? உங்களப் பாத்துத்தான்க்கா முடிவே எடுத்தேன்."

சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள் என்பதையும் மறந்து, "நான் யாருக்காகவும் ஸ்கூல்லேர்ந்து நிக்கலம்மா. கணக்குல ஃபெயிலு. ரெண்டு தடவ" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இப்படித்தான் சொல்லுவியன்னு சார் அன்னைக்கே சொன்னாவல்லா?"

கண்ணில் தண்ணீர் வேறு. என் தம்பியின் கெட்டிக்காரத்தனம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பொய்யைச் சொன்னதோடு, உண்மை உள்ளே வராமல் கதவையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் எவ்வளவுக்கு எவ்வளவு உண்மை பேசுகிறேனோ அவ்வளவுக்கு அவ்வளவு தியாகியாகிறேன்.

வீட்டுக்கு வந்து அவனுக்குப் போன் செய்தேன். நானாகப் போன் செய்வது அபூர்வம் என்பதால், "அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்றுதான் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் பேசி உண்மையைச் சொல்லிவிடு என்றேன்.

"அக்கா, அது அவங்க குடும்ப முடிவு. நாம எப்படி அதுல?" என்றான்.

"மேடையில நின்னு என்னைக் காட்டினது நீதானே?"

வகுப்பு எடுக்கும் குரலில் பேசினான். "ஞாபகம்ன்றது போட்டோ இல்லக்கா. ஒவ்வொரு தடவ நெனைக்கும்போதும் மூளை அதப் புதுசா எழுதி வைக்குது. ஆராய்ச்சியே இருக்கு. நான் வேணும்னு பொய் சொல்லல. எனக்கு இப்ப அப்படித்தான் ஞாபகம் வருது."

"புதுசா எழுதறப்ப ஒரு தடவயாவது உன் மூளை உனக்கு நஷ்டமா எழுதுதா?" என்று கேட்டேன்.

"உங்கிட்ட பேச முடியாதுக்கா" என்று வைத்துவிட்டான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி தவறாமல் சாப்பிட வருவான். அந்தப் பெண்ணையும் சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன். சாரைப் பார்க்கலாம் என்றதும் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தம்பிக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. "வாம்மா, வா" என்று பெருந்தன்மையாக நாற்காலியைக் காட்டினான். கோழிக்குழம்பு ஊற்றி எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகு, காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அம்மா, நான் ஏன் படிப்ப வுட்டேன்னு இந்தப் பொண்ணு கேக்குது."

அம்மா சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "படிப்பா? நீ எங்கடி படிச்ச, வுடறதுக்கு?"

தம்பி குழம்புக் கிண்ணத்தை இழுத்து, "அம்மா, பழைய கதைலாம் இன்னாத்துக்கு இப்போ" என்றான்.

"நீ சும்மா கெட. யம்மாடி, நீ கேளு. கணக்கு வாத்தியாரு வூட்டுக்கே வந்தாரு, நான் தனியா சொல்லிக் குடுக்கறேன்னு. இவ கொல்லையில போயி ஒளிஞ்சிகினா. அவங்கப்பா இன்னொரு தபா எழுதுடின்னு கெஞ்சினாரு. அந்த மனுசன் யாராண்டயும் கெஞ்சினது கெடையாது. இவ கேட்டாளா? காலங்காத்தால பவுடரப் பூசிகினு வேன்ல ஏறிட்டா."

அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "சார் படிக்கணும்னு நிக்கலையா அம்மா?"

"இவனுக்கோசரமா?" அம்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "இவன் அப்ப டவுசர் போட்டுகினு பம்பரம் வுட்டுகினு திரிஞ்சான். இவன் படிப்பான்னு யாரு கண்டா? ரெண்டு பேரையும் படிக்க வெக்க அவங்கப்பாவுக்குத் தெம்பு இருந்துச்சு. இவதான் படிக்கல."

"சாரோட அப்பா கூலி வேலைல்லா பாத்தாவ?"

அம்மாவுக்கு வீடியோ எதையும் நாங்கள் காட்டியதில்லை. காது நன்றாகக் கேட்கும்.

"யாரு கூலி?" என்றாள் அம்மா.

"அம்மா, அது மேடையில ஒரு பேச்சுக்கு..."

"கரண்டு ஆபீஸ்ல வேலை பாத்த மனுசன்டா. மழையில கம்பத்து மேல ஏறி நின்னவரு. கூலியா? அவரு பென்சன்தான் இப்ப உன் தட்டுல கோழியா கீது. துன்றியே, தொண்டையில எறங்குதா?"

தம்பி கோழித் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். அந்தப் பெண் அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவனிடம் நேராகக் கேட்டாள்.

"சார், எக்கா உங்களுக்காகப் படிப்ப விட்டாவளா, இல்லையா?"

அவன் தண்ணீர் குடித்தான். இன்னொரு விளக்கம் வரப்போகிறது என்று நினைத்தேன். மூளை, எலி, புதுசாக எழுதுவது என்று ஏதாவது.

"இல்லம்மா," என்றான். "அக்கா எனக்காக நிக்கல."

"அப்ப எதுக்கு சார் அப்படிச் சொன்னிய?"

"கேக்கறவங்களுக்குப் புடிச்சுது."

"எனக்குந்தான் புடிச்சுது" என்றாள் அவள். "அதுக்குத்தான சீட்ட விடப் பாத்தேன்."

மீதிச் சோற்றைச் சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு, செல்போனோடு வெளியே போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவள் அப்பாவிடம் பேசுவது உள்ளே வரைக்கும் கேட்டது. முதலில் மெதுவாக ஆரம்பித்தாள். பிறகு, "அவன் சுமாராப் படிக்கதுக்கு நான் ஏம்ப்பா நிக்கணும்?" என்று குரல் உயர்ந்தது. "ஐ.டி.ஐ.ல சேத்து விடுங்க. நான் பொறப்பட்டு வாரேன்" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அழுதாள். அழுதுகொண்டே, "வாரேன்னு சொன்னா வாரேந்தான்" என்றாள்.

"யாராண்ட சண்ட போடுது?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க அப்பாகிட்ட."

"போடட்டும்" என்று சொல்லி, அம்மா அவள் தட்டை மூடி வைத்தாள்.

தம்பி பாயசம் வரைக்கும் இருக்கவில்லை. கிளம்பும்போது செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தபடி, "என்னை அசிங்கப்படுத்திட்ட இல்ல?" என்றான் என்னிடம். எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சில ஞாயிறுகள் வராமல் இருந்தான். பிறகு வந்தான். இப்போதெல்லாம் மேடையில் அக்கா வருவதில்லை என்கிறார்கள். "என் உறவில் ஒரு பெண்" என்று சொல்கிறானாம். தைரியம் அவ்வளவுதான். ஆட்டு மூளை கேட்டு ஒரு தடவை போன் செய்தால் அவனை மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.

அந்தப் பெண் சொன்னபடி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனாள். கல்லூரியில் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பினாள். அதற்குச் சில நாள் கழித்து, காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தெரியாத போனை நான் எடுப்பதில்லை. அன்றைக்கு ஏனோ எடுத்துவிட்டேன்.

"நீங்கதானாம்மா எம்பிள்ள மனசக் கெடுத்தது?" என்றார் அந்தப் பக்கம். அவளுடைய அப்பா.

என்னோடு நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். இல்லைங்க, அது எங்கள் அம்மா பேசினது, எங்கள் தம்பி ஒத்துக்கொண்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"ஆமாங்க" என்றேன். "நான்தான்."

அதன் பிறகு அவர் என்னை நன்றாகத் திட்டினார். குடும்பம் தெரியாதவள் என்றார், பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றார், தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கின பெருமையைத்தான் ஊரே பேசுகிறதே, அதைப் பார்த்து இன்னொருத்தி செய்தால் உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்றார். நான் குறுக்கே பேசவில்லை. அவர் பேச வேண்டியதைப் பேசட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். எனக்கு அது கஷ்டமாகவும் இருந்தது, ஆனால் அதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க வேண்டியிருக்கவில்லை, தம்பியைப் பற்றிச் சொன்னதைத் தவிர.

பஸ் வந்து நின்றது. "ஷிப்டுக்கு நேரமாச்சுங்க. சாயங்காலம் கூப்பிடுங்க, எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.